அமெரிக்க ஃபோனோடு கொழும்புக்கு வரும் தம்பிக்கு

தம்பி, மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா வாங்கித் தரும் புது ஐபோனில் இங்குள்ள டயலாக் நெட்வொர்க்கின் சிம் வேலை செய்யுமா, கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் வாடகை எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா. சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், வெள்ளவத்தை வழியே போகும் காலி வீதியில் (கால் ரோடு) இறங்கினால் போதும். வாடகை வந்து நாலு வீடு ஏறி இறங்கிப் பேச வேண்டிய சமாச்சாரம். ஃபோனைப் பற்றித்தான் நீங்கள் விமானம் ஏறுமுன் சொல்லியாக வேண்டும்.

அக்கா அங்குள்ள நெட்வொர்க் கடையில் தவணைக்கு எடுக்கிறார் என்றால் இன்றே தடுத்துவிடுங்கள். அப்படி விற்கும் ஃபோன் வேறு நெட்வொர்க் சிம்மை ஏற்காதபடி பூட்டியிருக்கும், தவணை முடியும்வரை பெரும்பாலும் அந்த லாக்கைத் திறக்க மாட்டார்கள். இங்கே வந்து சிம்மைப் போட்டால் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்து நிற்கும். முழுப் பணம் கட்டி, அன்லாக் ஆனதாக வாங்கச் சொல்லுங்கள். கையில் வந்ததும் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் உள்ளே போய்ப் பாருங்கள். ‘கேரியர் லாக்’ என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வந்தபோது பெரியப்பா மகன் பாசத்தோடு கொடுத்த ஃபோனும் இப்படிப் பூட்டியதுதான். புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் திறந்து தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று இழுத்தடித்தார். கடைசியில் திருப்பித் தந்தபோது பூட்டு அப்படியே இருந்தது, வைஃபையும் போயிருந்தது! நியாயமா அது? ஊருக்குப் புதியவன் என்றால் சிலருக்கு அப்படி ஒரு இளக்காரம். ஒரு பட்டன் ஃபோனை வாங்கிக்கொண்டு, மேப் இல்லாமல், ஹம்டன் லேன் பக்கம் வழி கேட்டுக் கேட்டே வீடு தேடினேன். சிங்களமும் அப்படித்தான் நாக்கில் ஏறியது. இன்று வீட்டுக்காரரிடமும் மீன்காரரிடமும் சிங்களத்திலேயே பேரம் பேசுகிறேன்.

சரி, அடுத்தது. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, ஃபோனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். டயலாக்கில் இ-சிம் உண்டு, பாஸ்போர்ட்டோடு அவர்கள் கிளைக்குப் போய்விடுங்கள். ஆனால் உங்கள் இந்திய நம்பரை இந்தியாவில் இருக்கும்போதே இ-சிம்மாக மாற்றிவிடுங்கள். பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தானே வரும்.

அப்புறம் பதிவு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகாத ஃபோன்கள் இங்குள்ள நெட்வொர்க்கில் இயங்காது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஃபோனின் அடையாள எண்), முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, இங்குள்ள சிம்மிலிருந்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவு உண்டா என்று பதில் வரும். இல்லையென்று வந்தால் ஆணைக்குழுவிடமே நேராகக் கேளுங்கள், இடைத்தரகர் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

அலைவரிசை பற்றி ஐபோனுக்குப் பயமில்லை. இங்கே 4ஜிக்கு முக்கியமானது 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3. அமெரிக்க நெட்வொர்க்குகள் விற்கும் மலிவு ஆண்ட்ராய்டுகள் சிலவற்றில் அது இருக்காது. அக்கா மனம் மாறி அப்படி ஒன்றை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்கள் சிலர் வருஷக்கணக்கில் இங்கே இருந்தும் இந்திய நம்பரை ரோமிங்கில் வைத்தே காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. காஸ் கொண்டு வருபவரும் த்ரீவீலர்காரரும் ஐடிடி போட்டு, அதாவது வெளிநாட்டு அழைப்பாகவா கூப்பிடுவார்கள்? 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, அளந்து கொடுக்கக் கியூஆர் வந்தபோது பார்க்க வேண்டுமே. உள்ளூர் நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் பதிவு. இந்த ஊர் நமக்கெதற்கு என்றிருந்தவர்களெல்லாம் அன்றைக்கு ஆள் தேடி ஓடினார்கள். நான் கியூஆரைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, ஸ்கூட்டர் சாவியோடு கோத்து வைத்திருந்தேன். வரிசையில் முன்னால் நின்ற சிங்கள அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, எங்கே போட்டாய் என்று கேட்டு, அடுத்த வாரமே அவரும் போட்டுக்கொண்டு வந்தார். வரிசை நகரும்வரை அவர் வீட்டுப் பிளேன் டீயை இருவரும் பகிர்ந்து குடிப்போம்.

அக்காவிடம் பேசிவிட்டு மாடல் எது என்று எழுதுங்கள். ஐஎம்இஐ எண் கிடைத்தால் அதையும் அனுப்புங்கள், 1909க்கு நானே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.