ஆப்ரிகாட் எண்ணெய்: பாட்டிலைத் திருப்பிப் படித்தவர்களும் படிக்காதவர்களும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆப்ரிகாட் பருப்பு எண்ணெய் பற்றித்தான். யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள் போல. இடம் பற்றாததால் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் பதினைந்து நாளில் போய்விடும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. போகுமா? (வாசகி, ஈரோடு)

போகாது.

கேள்வி: நிஜமாகவே இதில் என்ன பயன் இருக்கிறது? அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாங்குகிறார்கள். (வாசகி, திருச்சி)

நல்ல எண்ணெய்தான், அதை மறுக்கவில்லை. ஆப்ரிகாட் பழத்தின் கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரியே ஒரு பருப்பு இருக்கும், அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். அதில் பெரும்பங்கு ஒலீயிக் அமிலம், அடுத்தது லினோலீயிக் அமிலம், கொஞ்சம் வைட்டமின் ஈ. விளக்கெண்ணெய் மாதிரி பிசுபிசுக்காது, லேசானது, மசாஜ் செய்கிறவர்களுக்குப் பிடிப்பது அதனால்தான். குளித்துவிட்டு உடம்பில் ஈரம் இருக்கும்போதே முழங்கை, கெண்டைக்கால், குதிகால் என்று வறண்ட இடங்களில் நாலைந்து சொட்டு தேய்த்தால் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும். முடி நுனி வறண்டிருந்தால் இரண்டு சொட்டு. பஞ்சில் தொட்டு மேக்கப் துடைக்கலாம். அவ்வளவுதான். முடி கொட்டுவதை நிறுத்தாது, நிறத்தை மாற்றாது. முகத்தில் பரு வருகிறவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போங்கள். பாதாம், கொட்டை வகை அலர்ஜி இருப்பவர்களுக்கு இந்த எண்ணெய் வேண்டாம்.

கேள்வி: முன்பக்கம் பெரிய பழப் படம், 'ஆப்ரிகாட் ஆயில்' என்று தங்க எழுத்து. வீட்டுக்கு வந்ததும் தங்கை பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், திண்டுக்கல்)

தங்கையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை எழுதுவது விளம்பர ஆள், பின்பக்கத்தை எழுத வைப்பது சட்டம். அழகுசாதனப் பொருள் என்றால் சேர்மானங்களை அதிக அளவில் இருப்பது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். நீங்கள் தேட வேண்டிய பெயர் 'ப்ரூனஸ் ஆர்மெனியாகா கெர்னல் ஆயில்', ஆப்ரிகாட் பருப்பு எண்ணெயின் அறிவியல் பெயர் அது. பட்டியலில் அது ஒன்றே ஒன்று இருந்தால், அல்லது கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ மட்டும் இருந்தால் சரி. உங்கள் பாட்டிலில் முதல் பெயர் லிக்விட் பாரஃபின், இரண்டாவது சூரியகாந்தி எண்ணெய், மூன்றாவது வாசனை, அதற்கும் பின்னால்தான் ப்ரூனஸ் வருகிறது. வாசனைப் பொருளுக்கும் பின்னால் ஆப்ரிகாட்! பாரஃபின் விஷம் இல்லை, தோலுக்குக் கெடுதலும் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து வருகிற மலிவான எண்ணெய். அதை ஆப்ரிகாட் விலைக்கு விற்பதுதான் என் கோபம். 'ஆப்ரிகாட் எசென்ஷியல் ஆயில்' என்று போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது பருப்பை ஆட்டி எடுக்கிற எண்ணெய், பூவையும் இலையையும் ஆவியில் காய்ச்சி எடுக்கிற வாசனைத் தைலம் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. இமாச்சலில் ஒரு பஸ் நிறுத்தக் கடையில் 'சுத்தமான ஆப்ரிகாட் எண்ணெய்' இரண்டு பாட்டில் வாங்கினேன், ஒன்று அக்காவுக்கு. ஊர் வந்து சேர்ந்தபோது எண்ணெய் கசிந்து லேபிள் ஊறியிருந்தது. துடைக்கும்போது கட்டைவிரல் பட்டு ஓரம் கிளம்பியது, பிரித்துப் பார்த்தால் அடியில் இன்னொரு லேபிள், 'பாடி மசாஜ் ஆயில்' என்று. பழப் படம்கூட இல்லை. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: பென்ஷனில் மிச்சம் பிடித்து, மூட்டு வலிக்குத் தேய்க்கலாம் என்று ஆன்லைனில் வாங்கினேன். திறந்ததும் காறல் நாற்றம். திறந்துவிட்ட பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, திறக்காமல் முகர்ந்து பார்க்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். நீங்கள் தலைகுனிய இதில் ஒன்றுமில்லை. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் விற்பவர் அப்படி மறுக்கக் கூடாது என்கின்றன. 'திறந்தால் ரிட்டர்ன் இல்லை' என்று அவர்களே எழுதிவைத்துக்கொண்டால் அது சட்டம் ஆகிவிடாது. பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டில், பேட்ச் எண், தயாரிப்பு தேதி, பில், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்றாலும் இந்த வாரமே ஆரம்பியுங்கள். எங்காவது சிக்கினால் மறுபடி எழுதுங்கள்.

மூட்டு வலிக்கு, தேய்க்கிற கைதான் பாதி வைத்தியம். அதற்கு வீட்டில் இருக்கிற நல்லெண்ணெயே போதும்.

கேள்வி: பாதாம் எண்ணெய்க்குப் பதிலாக இதை வாங்கலாமா? (வாசகி, சென்னை)

வாங்கலாம், தோலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்தில் பாதாம் எண்ணெயில் கலப்படம் செய்யப் பயன்பட்டதே ஆப்ரிகாட் எண்ணெய்தான். மருந்து நூல்களில் ஆப்ரிகாட், பீச் இரண்டின் பருப்பு எண்ணெய்க்கும் சேர்த்து 'பெர்சிக் ஆயில்' என்று பெயர். ஆய்வகத்தில் ஒரு அமிலக் கலவையைச் சேர்த்துக் குலுக்கினால் ஆப்ரிகாட் கலந்தது இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உறைந்தால் தேங்காய் எண்ணெயோ பாமாயிலோ கலந்திருக்கிறது என்று சொல்லலாம், உறையவில்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. பாரஃபின் கலந்ததும் உறையாது.

கேள்வி: அத்தைக்குப் புற்றுநோய். வைட்டமின் பி17 என்று ஒருவர் ஆப்ரிகாட் பருப்பு கிலோ கணக்கில் விற்கிறார், தினமும் பத்து சாப்பிடச் சொல்கிறார். எண்ணெயும் குடிக்கச் சொல்கிறார். (பெயர், ஊர் வேண்டாம்)

இன்றே நிறுத்துங்கள். பி17 என்று ஒரு வைட்டமின் கிடையாது. கசப்புப் பருப்பில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருளுக்கு வைத்த விற்பனைப் பெயர் அது. வயிற்றுக்குள் போனதும் அமிக்டலினிலிருந்து சயனைடு வெளிவரும். பெரியவர்களே சிறிய பருப்பு மூன்றுக்கு மேல் சாப்பிட்டால் பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது, சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம். அமிக்டலின் புற்றுநோய்க்குக் கேட்கிறதா என்று அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். குணமும் இல்லை, நோய் நிற்கவும் இல்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு நச்சு அளவை நெருங்கியதுதான் மிச்சம். அமிக்டலின் எண்ணெயோடு அதிகம் வராது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும், ஆனால் அதற்காக எண்ணெயைக் குடிக்க வேண்டியதில்லை. அத்தை இதுவரை எத்தனை சாப்பிட்டார் என்று அவருடைய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மயக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. அந்த ஆள் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். ஏமாந்தது உங்கள் குடும்பத்தின் முட்டாள்தனம் இல்லை. பயத்தில் இருப்பவர்களைத் தேடிப் போய் விற்கிறான்.

கேள்வி: லடாக் போனபோது ரோட்டோரம் ஒரு பாட்டியம்மா லேபிள் இல்லாத பாட்டிலில் விற்றார், வாங்கினேன். சமைக்கலாமா? (வாசகர், கோவை)

அங்கே ஆப்ரிகாட்டுக்கு 'சுலி' என்று பெயர், வீட்டிலேயே பருப்பை அரைத்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து கையால் எண்ணெய் பிரிப்பார்கள். பக்கத்து இமாச்சலின் சுல்லி எண்ணெய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. லடாக்கில் ரக்த்ஸே கார்போ என்றொரு ரகம் உண்டு, வெள்ளைக் கொட்டை என்று அர்த்தம், பருப்பு இனிக்கும். மற்ற பல ரகங்கள் கசக்கும். உங்களுக்குக் கிடைத்தது எது என்று பாட்டில் சொல்லாது, அதனால் சமையலுக்கு வேண்டாம், கை காலுக்குத் தேயுங்கள். சட்டப்படி லேபிள் இல்லாததை நான் ஆதரிக்கக் கூடாது. ஆனாலும் என்னுடைய இரட்டை லேபிள் பாட்டிலுக்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: பாதி விலை ஆஃபரில் ஒரு லிட்டர் வாங்கினேன். இரண்டு வருடமாக ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, இப்போது நாற்றம் அடிக்கிறது. பில் இல்லை. பணம் திரும்ப வாங்க வழி உண்டா? (வாசகர், சேலம்)

கிடையாது. தினம் நாலு சொட்டு தேய்க்கிற வீட்டுக்கு ஒரு லிட்டர் எதற்கு சார்? திறந்த எண்ணெய் வெயில் படாத இடத்தில் மூடி வைத்தாலே ஆறு மாதம் தாங்கினால் பெரிது, நீங்கள் ஜன்னல் ஓரத்தில் காயவைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை 50 மில்லி, கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடி பாட்டில். இப்போது கையில் இருப்பதை விளக்கில் ஊற்றி எரித்துத் தீருங்கள், வாசல் பக்கமாக, நாற்றம் வீட்டுக்குள் தங்காது.