பாம் மணக்கிறது, கருவாடு மணக்கவில்லையா?

உப்புவெளி வாசகி ஒருவர் கேட்கிறார்: கடும் தடிமன் காய்ச்சல் வந்து மூன்று மாதம். கருவாடு பொரித்தாலும் மணம் தெரியவில்லை, கோப்பி மட்டும் கருகிய றப்பர் போல நாறுகிறது. பாம் பூசினால் தெரிகிறது. நரம்பு செத்துவிட்டதா? நரம்பு டொனிக்கும் ஸ்கானும் வேண்டும் என்கிறார்களே?

முதலில் பாமை ஒதுக்கி வையுங்கள். மெந்தோலின் குளிர்ச்சியும் மிளகாய் வறுக்கையில் வரும் தும்மலும் ஐந்தாம் மண்டை நரம்பின் வேலை. மணம் அறிவது முதலாம் நரம்பு. பாம் உறைக்கிறது என்பதால் மூக்கு சுகம் என்றாகாது.

மூக்கின் உச்சியில், சல்லடை போன்ற எலும்புக்குக் கீழே, மண நரம்பணுக்கள் சளிக்குள் மயிரிழைகளை நீட்டியபடி இருக்கின்றன. கருவாட்டு வாசனையின் மூலக்கூறு சளியில் கரைந்து அவற்றிலுள்ள ஏற்பியில் ஒட்டினால், அந்த நரம்பணுவுக்குள் கல்சியம் பாய்ந்து மின்தூண்டல் மூளைக்குப் போகிறது. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள், ஒரு நரம்பணுவில் பெரும்பாலும் ஒரே வகை. வைரசு இந்தத் தோலைப் புண்ணாக்கும். ஆனால் அடியிலுள்ள மூலக் கலங்கள் புதிய நரம்பணுக்களை முளைக்க வைக்கும். அது மாதக்கணக்கான வேலை. டொனிக் குடித்து ஓட வைக்க முடியாது.

அந்தக் காசுக்கு நான்கு சிறு போத்தல் வாங்குங்கள். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் எண்ணெய்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து துளியைப் பஞ்சில் விட்டு மூடுங்கள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 15 முதல் 20 விநாடி மெதுவாக மணந்து, அந்த மணத்தை நினைவில் கொண்டுவாருங்கள். குறைந்தது 12 வாரம். இரண்டு வாரத்தில் அலுத்து விடுவதுதான் வழக்கமான தவறு. எண்ணெய் மூக்கில் படக்கூடாது, எரியும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கிளினிக்கில் விடிய விடிய வரிசையில் நின்றவருக்குக் கிடைப்பதோ "கொஞ்சம் பொறுங்கோ" என்ற ஒரு வரி.

பார்மசியில் தரும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அடைப்பே கூடும். நாகம் (சிங்க்) கலந்த மூக்கு மருந்து எவர் தந்தாலும் வேண்டாம். அது மணத்தையே பறிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்தது.

ஸ்கான் உங்களுக்கு இப்போது வேண்டாம். தலையடிபட்டு மணம் போனவருக்குக் கதை வேறு. மோட்டார் சைக்கிளால் விழுந்து பின்தலை அடிபட்டாலும் மூளை அசைந்து, அந்தச் சல்லடை எலும்பின் துளைகளில் நரம்பிழைகள் அறுந்துபோகலாம். ஹெல்மெட் போட்டிருந்தாலும் சரி, இரத்தம் வராவிட்டாலும் சரி. குனியும்போது ஒரு மூக்குத் துவாரத்தால் தண்ணீர் போலச் சொட்டி, உப்புக் கரித்தால் அது சளியல்ல, மூளையைச் சுற்றிய நீராக இருக்கலாம். மூக்கைச் சீறாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், கிளினிக் நாள் பார்க்க வேண்டாம்.

காஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடி, வீட்டில் மணம் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பி நாறுவது, பல வேளைகளில் நரம்பு மீளத் தொடங்கியதன் அடையாளம். மணம் சீராகும்வரை ஆறவிட்டுக் குடியுங்கள், சூட்டில்தான் நாற்றம் அதிகம் கிளம்பும்.