ஆயில் ஒழுகும் பழைய வண்டி: பேக்கிங் வாங்கும் முன்

கேள்வி: என்னிடம் 2004 மாடல் 100 சிசி ஹீரோ ஹோண்டா இருக்கிறது. பாம்பனில் மீன் எடுத்து, பெட்டி கட்டி, உச்சிப்புளி வரை போய் விற்கிறேன். ஆறு மாதமாக எஞ்சினுக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறது. கிளட்ச் கவர் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று ஆயிலில் ஊற்ற ஒரு டப்பா விற்கிறார்களே, வாங்கலாமா? இல்லை, எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டுமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: டப்பா வேண்டாம். உங்கள் வண்டியில் கிளட்சும் அதே எஞ்சின் ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. கண்டதை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். மீன் பெட்டியோடு பாலம் ஏறும்போது அது தெரியும்.

எஞ்சினைப் பிரிக்கவும் அவசரமில்லை. இரண்டு பேக்கிங் போட்டும் நிற்கவில்லை என்றால் ஒழுகல் அங்கே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடும் வண்டியில் ஆயில் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கவர் ஓரமாகவே வழிந்து, எது தாழ்ந்த போல்ட்டோ அதில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துப் பொருள் வாங்கினால் காசுதான் ஒழுகும்.

மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பழைய பிரஷ்ஷால் எஞ்சின் அடியை மொத்தமாகத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவுங்கள். எஞ்சின் சூடாகும்வரை பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

என் ஊகம், இடது பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், ரோட்டு மணல், செயின் கிரீஸ் எல்லாம் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் சேர்ந்து சேறாகி, சீலின் உதட்டை அரித்துவிடும். கவரைத் திறந்தால் கறுப்புக் களி ஒரு கைப்பிடி வந்தாலும் வரும், வழித்துவிட்டுப் பாருங்கள். செயினை இறுக்கி வைத்திருந்தாலும் பேரிங் தேய்ந்து சீல் போகும். நடுவில் விரலால் தூக்கினால் செயின் சுமார் 2 செ.மீ. ஆட வேண்டும்.

சீல்தான் என்று தெரிந்துவிட்டால் செலவு பெரிதில்லை, ஒரு கிலோ சாளை வாங்கும் காசுதான். பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன் முகத்திலேயே மூன்று எண் பதிந்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ‘இது எல்லா வண்டிக்கும் சேரும்’ என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மாட்டும்போது ஷாஃப்ட்டின் பற்கள் மேல் மெல்லிய பாலிதீனைச் சுற்றி, சீல் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே போகும்படி வையுங்கள். சுத்தியலால் நேரடியாக அடிக்காமல், சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள்; பள்ளம் தட்டினால் சீலைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்துங்கள். உதடு புது இடத்தில் பிடிக்கும்.

இதோடு எஞ்சினின் ப்ரீதர் டியூபை, அதாவது உள்காற்று வெளியேறும் குழாயை, ஊதிப் பாருங்கள். மணலோ குளவிக் கூடோ அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி எந்தப் புது சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும்.

பவுடர் கிளட்ச் கவரையே காட்டினால்? அப்போதும் குற்றம் பேக்கிங்கில் இருக்காது. உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பேக்கிங் உட்காரும் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். அங்கே மட்டும் சிலிக்கான் பேஸ்ட்டை மெல்லிய கோடாகத் தடவினால் போதும். முன்பு நான் தாராளமாக அப்பி, பிதுங்கிய துண்டு உள்ளே விழுந்து ஆயில் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. பழைய பேக்கிங்கைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு போதும். போல்ட்டுகளை எதிர் எதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று பலம் காட்டினால் மரை போய்விடும். வெளியே எம்-சீல் பூசும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. எண்ணெய்ப் பசையில் அது ஒட்டவே ஒட்டாது.

வேலை முடியும்வரை ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

கேள்வி: புதிதாகப் போட்ட ஆயில் சீல் ஒரே வாரத்தில் ஒழுகிவிட்டது. பில் வாங்கவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டைக் கடைக்காரர் காட்டுகிறார்.
- வாசகி, கீழக்கரை

பதில்: அந்தப் போர்டு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். செல்போனில் பணம் அனுப்பிய பதிவு, விலை அச்சிட்ட கவர் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். ஆனால் அதற்கு முன் கழற்றிய சீலை வெளிச்சத்தில் பாருங்கள், அம்மா. உதட்டில் ஒரே இடத்தில் வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் மாட்டும்போது பட்டது. கேட்க வேண்டியது மெக்கானிக்கை.