எடை குறைந்தபின் தொங்கும் பின்புறத் தோல்: ஆபரேஷனுக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 38 வயது, கோவையில் இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 113 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்துவிட்டேன். எட்டு மாதங்களாக எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனால் பின்புறமும் இடுப்பின் பக்கவாட்டிலும் தோல் பை போலத் தொங்குகிறது. உட்கார்ந்தால் மடிந்து வலிக்கிறது, வேர்வையில் புண்ணாகிறது. ஜிம்முக்குப் போயும் இறுகவில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு கிளினிக் 'பிபிஎல், அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்று விளம்பரம் செய்கிறது. வீட்டில் 'இந்த வயதில் இதெல்லாம் தேவையா' என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. 45 கிலோ குறைத்த உடம்பில் மிஞ்சும் தோல் தானாகச் சுருங்காது. பல வருடங்கள் இழுபட்டதில் தோலுக்குள் இருக்கும் நார்கள் அறுந்திருக்கும். உடற்பயிற்சி தசையை வளர்க்கும். தளர்ந்த தோலைக் கத்தரிக்காது. உட்கார முடியாத வலியும் ஆறாத புண்ணும் ஒருவருக்கு இருந்தால் அதற்குச் சிகிச்சை கேட்பது அலங்கார ஆசை கிடையாது. இதைச் சொல்ல எந்தப் பெண்ணும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் விளம்பரத்தில் பார்த்ததும் உங்களுக்குத் தேவைப்படுவதும் இரண்டு வேறு ஆபரேஷன்கள். பிபிஎல் என்கிற பிரேசிலியன் பட் லிஃப்ட்டில் தோலை வெட்டி எடுப்பதே கிடையாது. வயிறு, தொடையிலிருந்து லைப்போசக்‌ஷன் முறையில் கொழுப்பை உறிஞ்சி, அதைப் பிட்டத்தில் ஊசிக்குழாய் வழியாகச் செலுத்துவார்கள். பிட்டம் தட்டையாக இருக்கிறது, கொஞ்சம் பருமன் வேண்டும் என்பவர்களுக்கானது அது. உங்களுக்கு இருப்பது தோல் மிகுதி. அதற்கு மிகுதியான தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் வெட்டி எடுத்து, கீழே இருப்பதை மேலே இழுத்துத் தைக்க வேண்டும். பிட்டத் தூக்கு அறுவை என்றால் அதுதான். தளர்ந்த தோலுக்குள் கொழுப்பை நிரப்பினால் பாரம் கூடி இன்னும் தொங்கும். போதாததற்கு, இவ்வளவு எடை குறைந்தவரிடம் எடுத்து மாற்றுவதற்கு நல்ல கொழுப்பு அதிகம் மிஞ்சியிருக்காது.

கண்ணாடி முன் திரும்பி நின்று, இடுப்பின் பக்கவாட்டுத் தோலை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். பின்புறம் நீங்கள் விரும்பும் வடிவத்துக்கு வருகிறது என்றால் பிட்டத் தூக்கு அறுவை பலன் தரும். தூக்கியும் தட்டையாகவே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்டி எறிய வேண்டிய திசுவில் ஒரு பகுதியை, மேல்தோலை மட்டும் சீவிவிட்டு உள்ளே மடித்து வைத்துப் பருமன் கொடுக்கும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் அது ஒத்துவராது. மடித்து வைத்த கொழுப்புக்குப் போதிய ரத்தம் போகாவிட்டால் அது செத்துக் கட்டியாகலாம்.

பிபிஎல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். 2017-ல் உலகம் முழுவதும் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று வெளியானது. இந்த ஆபரேஷனில் சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இறந்திருக்கலாம் என்று அதில் மதிப்பிட்டார்கள். அழகு அறுவைகளில் அது மிக அதிகம். காரணம் தெளிவானது. பிட்டத் தசைக்கு உள்ளேயும் கீழேயும் பெரிய சிரைகள் ஓடுகின்றன. ஊசிக்குழாய் தசைக்குள் இறங்கி ஒரு சிரையைக் கிழித்துவிட்டால், கொழுப்பு அதன் வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைத்துக்கொள்ளும். மேஜையிலேயே உயிர் போகலாம். இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளில் தசைக்குள் கொழுப்பு இருந்தது. தோலடியில் மட்டும் கொழுப்பு வைத்து இப்படி இறந்தவர் யாரும் இல்லை என்று சர்வதேச பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்களின் கூட்டுக் குழு 2018-ல் அறிவித்தது.

அதே ஆண்டு பிரிட்டனின் அழகு அறுவை நிபுணர்கள் சங்கம், உறுப்பினர்கள் இதைச் செய்வதை நிறுத்திவைக்கச் சொன்னது. 2022-ல்தான், அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே தோலடியில் மட்டும் செலுத்தலாம் என்று மாற்றியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தசைக்குள் செலுத்தக் கூடாது என்று 2019-ல் விதி போட்டும் மரணங்கள் நிற்கவில்லை. தசைக்குள் போகவில்லை என்று நம்பிய சர்ஜன்களின் ஊசிக்குழாயும் தசைக்குள் போயிருந்தது. அதனால் அங்கே அல்ட்ராசவுண்டைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு சர்ஜன் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது என்றும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே பிபிஎல் செய்யப் போகிறவர்கள், 'தோலடியில் மட்டும்தானா, ஊசி போகும்போது அல்ட்ராசவுண்ட் பார்ப்பீர்களா' என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். திரவ சிலிக்கான் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சே வேண்டாம். அது பரவி, கட்டிப்பட்டு, திரும்ப எடுக்க முடியாத தொல்லையாகிவிடும்.

சரி, உங்கள் ஆபரேஷனுக்கு வருகிறேன். எடைக் குறைப்பு அறுவை முடிந்து ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம், அதில் கடைசி ஆறு மாதமாவது எடை நிலையாக இருக்க வேண்டும். அந்த இரண்டும் உங்களுக்குச் சரியாக இருக்கிறது. இனி ஒரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது ரத்தப் பரிசோதனை. இரைப்பையைக் குறைத்தவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, புரதம் எல்லாமே குறைவாக இருப்பது சகஜம். நீளமான தையல் ஆறுவதற்குப் புரதம்தான் ஆதாரம். நாளுக்கு 60 முதல் 80 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. இட்லி சட்னியை நம்பி இந்தக் கணக்கு நிறையாது. ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அதுவும் அப்படியே.

புகையிலை எந்த வடிவத்திலும் கூடாது. முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம். வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கணக்கில் சேரும், ஏனென்றால் நிகோடின் தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தையலைப் பிரிய வைக்கும். கருத்தடை மாத்திரையோ, விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ எடுப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். எடை குறைக்கும் வாராந்திர ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கக்கூடும். தோல் மடிப்பில் இருக்கும் புண்ணை முதலில் ஆற்றிவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் அது இன்னும் பரவும், தோலும் மெலிந்து போகும்.

தழும்பைப் பற்றி யாரும் உங்களிடம் பூசி மெழுகக் கூடாது. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பின்னால் ஒரு நீளக் கோடு இருக்கும். வயிற்றையும் சேர்த்துச் செய்தால் உடம்பைச் சுற்றி முழு வட்டம். முதல் சில மாதங்கள் அது தடித்து, நம் தோலில் நன்றாகக் கருத்துத் தெரியும். மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மறையவே மறையாது. காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ உங்களுக்குக் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வந்திருந்தால் இந்த முடிவை இன்னொரு முறை யோசிக்க வேண்டும். ஆபரேஷனுக்காக டாக்டர் உடம்பில் வெட்டுக்கோடு வரைகிற நாளில் நீங்கள் வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு போங்கள். அதற்குள் மறைகிற மாதிரி கோட்டை இறக்க முடியும்.

வயிறும் பின்புறமும் ஒரே நேரத்தில் வேண்டுமா என்பதை நிதானமாகப் பேசுங்கள். வயிற்றுத் தையலுக்கு உடம்பு முன்னால் குனிந்திருக்க வேண்டும். பின்புறத் தையலுக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எப்படிப் படுத்தாலும் ஏதோ ஒன்று இழுபடும். நேரமும் ரத்த இழப்பும் கூடும். வீட்டில் துணை குறைவு என்றால் இரண்டு கட்டமாகச் செய்துகொள்வதையே நான் சொல்வேன்.

குணமாகும் காலத்தைத்தான் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். பெரும்பாலும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நீர் வடியக் குழாய் வைத்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம் குப்புறவோ பக்கவாட்டிலோதான் படுக்கை. நிற்கலாம், நடக்கலாம், நடக்கவும் வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் முக்கியம். நேராக உட்காருவதைத்தான் தவிர்க்க வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குந்துவது ஆறு வாரத்துக்குக் கூடாது, ஏனென்றால் குந்தும்போது முதுகின் கீழ்த் தோல் முழுதும் விரிகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு என்றால் கமோட் நாற்காலியை முன்பே வாங்கி வையுங்கள். தரையில் சம்மணம் போடுவதும் ஸ்கூட்டரும் அதே கணக்குதான். பாவாடை நாடா சரியாகத் தையல்மேல் உட்காரும் என்பதால் சில வாரங்களுக்கு நைட்டியே போதும். அதற்குள்ளே இறுக்கமான ஆதரவு உடை டாக்டர் சொல்லும் வரை இருக்க வேண்டும். மேஜை வேலைக்குத் திரும்ப மூன்று, நான்கு வாரம் ஆகலாம். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்க அதற்கும் மேல்.

இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லை தையல் பிரிவது. வால் எலும்புக்கு மேல், நடுக்கோட்டில்தான் அதிகம் வரும். சின்னதாகப் பிரிந்தால் பயப்படாதீர்கள். ஒழுங்காகக் கட்டுப் போட்டால் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். தோலுக்கடியில் நீர் கோப்பதும் உண்டு, அதை ஊசியால் எடுப்பார்கள். தையலைச் சுற்றி மரத்துப்போவது பல மாதம் நீடிக்கலாம்.

செய்பவர் யார் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் என்கிற உயர்சிறப்புப் பட்டம் அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவில் பெயரைச் சரிபார்க்கலாம். அழகு அறுவைகளைப் பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லியிருக்கிறது. எடை குறைந்தவர்களுக்குச் செய்த ஆபரேஷன்களின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய படங்களைக் கேளுங்கள். ஐசியூ இருக்கிறதா, ராத்திரியில் கூப்பிட்டால் யார் வருவார் என்றும் கேளுங்கள். இது அன்றே வீட்டுக்கு அனுப்பும் கிளினிக்கில் செய்கிற வேலை கிடையாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் அழகு அறுவைக்குப் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவக் காரணத்துக்காக அவசியம் என்று டாக்டர் சான்று தருவதற்கும் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் புண்ணுக்குத் தோல் டாக்டரிடம் காட்டிய சீட்டுகளையும் படங்களையும் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைப்பது நிச்சயமில்லை. தையல் பிரிந்தாலோ மறுபடி திருத்த வேண்டி வந்தாலோ அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், தையலில் சீழ் அல்லது துர்நாற்றம், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவது இருந்தால் அன்றே சர்ஜனைக் கூப்பிடுங்கள். ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்துப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் சென்று, என்ன ஆபரேஷன், எந்தத் தேதி என்பதை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.