தேயிலைத் தோட்டத்தில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவு எப்படி வந்தது?

பிரித்தானியர் கால இலங்கையின் மலையகத் தேயிலை, கோப்பித் தோட்டங்களில் ஆண்களும் பெண்களும் என்னென்ன வேலை செய்தனர் என்ற கேள்விக்குப் பயிரே பாதி விடை தருகிறது. கோப்பிக் காலத்தில், பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தமிழகத்திலிருந்து வந்து திரும்பியவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை பரவிய பின்னரே குடும்பங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், பெருமளவில் நிலைத்தன.

வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைகளுக்குச் செல்வர். கைக்குழந்தைகள் பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், இருக்கும். கவ்வாத்து (தேயிலைச் செடிகளைக் கத்தரித்தல்), கான் (வடிகால்) வெட்டுதல், உரமிடுதல் ஆகியவை ஆண்களுடையவை. கவ்வாத்துக்காரர் தம் பங்கை முடித்து நண்பகலிலேயே திரும்பிவிடுவதுண்டு. கொழுந்தெடுப்பவரோ மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும், அதன்பின் அடுப்பும் காத்திருக்கும். கொழுந்தெடுப்பதை இலேசான வேலை என்பவர்கள், மழையில் நனைந்த கூடையோடு சரிவில் ஏறிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. மேற்பார்வை செய்த கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்களே. இத்தனைக்கும், பெண்களின் நாட்சம்பளம் 1984 வரை ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது.