சட்டம், சமூக அறிவியல் பி.எச்டி.: ஃபெலோஷிப் கேள்வி பதில்

நானும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் தேறி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிச் சட்டத்தில் ஆய்வு செய்தவள்தான். இப்போது மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

மதுரை, எல்.எல்.எம். முடித்தவர்: மேடம், எனக்கு 32 வயது, பொதுப்பிரிவு. ஜே.ஆர்.எஃப். கனவு முடிந்ததா?

முடியவில்லை. பொது வயது வரம்பு 30 என்றாலும் எல்.எல்.எம். பட்டம் உள்ளவர்களுக்கு 3 ஆண்டு தளர்வு உண்டு. சட்டத்துறை மாணவர்களே பலர் இதைக் கவனிப்பதில்லை. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (கிரீமிலேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு 5 ஆண்டு. இரண்டு தளர்வையும் கூட்ட முடியாது. எல்.எல்.எம். முடித்த பெண்ணுக்கும் 35தான், 38 இல்லை.

திருநெல்வேலி, வழக்கறிஞர்: கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே ஜே.ஆர்.எஃப். வாங்கலாமா?

கூடாது. ஜே.ஆர்.எஃப். முழுநேர ஆய்வுக்கான பணம். வேறு வருமானம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறீர்கள். "வழக்கறிஞர் தினம் மூன்று மணி நேரம் சட்டம் கற்பிக்கலாம் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். 1979ஆம் ஆண்டு விதி அது. தொழிலில் இருப்பவர் பகுதிநேரமாகப் பாடம் நடத்த அனுமதிக்கிறது, அவ்வளவுதான். ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு வக்காலத்து போட அதில் இடம் இல்லை. பின்னால் தெரிய வந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். தொழிலை விட மனமில்லை என்றால் பகுதிநேர பி.எச்டி. சேருங்கள். அதற்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது. ஆனால் உங்கள் வழக்குக் கட்டுகளே உங்கள் களம். அந்த வசதி முழுநேர மாணவருக்குக் கிடைக்காது.

சேலம், சமூகவியல்: மாதம் எவ்வளவு வரும்?

2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை இது: முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். குழு உங்கள் ஆய்வைப் பார்த்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஃபெலோ) ஆக்கினால் 42,000. மொத்தம் ஐந்து ஆண்டு. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. நம் துறைகளுக்குக் கன்டிஞ்சென்சி (ஆய்வு தொடர்பான சில்லறைச் செலவுக்கான தொகை) முதல் இரண்டு ஆண்டு வருடத்துக்கு 10,000, பிறகு 20,500.

ஆனால் அது மாதா மாதம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பி இறங்காதீர்கள். பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாதமும் போர்ட்டலில் உறுதி செய்ய வேண்டும், ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க. அதில் ஒருவர் லீவு என்றாலும் உங்கள் பணம் நிற்கும். எனக்கு முதல் தவணை வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். சேரும்போது கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும்.

கரூர்: எனக்கு வயது 31, எம்.ஏ. வரலாறு...

வயதுக்கு முதல் பதிலைப் பாருங்கள். எல்.எல்.எம். தளர்வு உங்களுக்குப் பொருந்தாது, மற்ற பிரிவுகளில் வருகிறீர்களா என்று பாருங்கள்.

தஞ்சாவூர்: நெட் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் தொகை குறைவு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முழுநேர ஃபெலோஷிப்புக்கு ஏற்கெனவே பி.எச்டி. பதிவு செய்திருக்க வேண்டும். சட்டத்தையும் அவர்கள் ஏற்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாதோருக்கு மாதம் 8,000. அதையும் நிறுத்தப் போவதாக 2015இல் அறிவித்தபோது மாணவர்கள் டெல்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன் நாள்கணக்கில் உட்கார்ந்து காப்பாற்றினார்கள். 8,000 ரூபாயில் சென்னையில் அறை வாடகையே கட்ட முடியாது என்பது வேறு விஷயம். ஆறு மாதப் பணம் உங்களுக்கு இன்னும் அவசியம்.

வாணியம்பாடி: மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் எப்போது அறிவிப்பார்கள்?

சிறுபான்மை மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தை 2022–23 முதல் நிறுத்திவிட்டார்கள். புதியவர்களுக்குக் கிடையாது. நெட் எழுதுங்கள்.

விழுப்புரம், எஸ்.சி. மாணவி: தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் பற்றி லண்டனில் ஆய்வு செய்யலாமா?

வருத்தத்தோடு சொல்கிறேன் அம்மா, அந்தத் தலைப்போடு முடியாது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவி இல்லை என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள். இங்கே பி.எச்டி. பதிவு செய்தவராக இருந்தால் ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப் மூலம் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்யலாம்.

கோவை, அரசியல் அறிவியல்: அந்த விதி சரிதானே மேடம்? இந்தியாவைப் படிக்க எதற்கு வெளிநாடு?

சரியில்லை. 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர் அம்பேத்கர். 1916இல் அங்கே கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. லண்டனில் அவர் முடித்த ஆய்வு ரூபாயின் சிக்கலைப் பற்றியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் இரண்டுக்கும் பணம் வந்திருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில்தான் இருக்கின்றன. சென்னை மாகாணச் சட்ட வரலாறு எழுதுபவர் அங்கே போகாமல் எப்படி முடிப்பார்?

கோவை, அதே நபர்: அந்த வெளிநாட்டு உதவித்தொகையில் இருப்பதே 125 இடம். அறிவியலுக்குக் கொடுத்தால் பயன் கூடுதல் இல்லையா?

அப்படியென்றால் எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்று பிரித்து அறிவிக்கட்டும், விவாதிக்கலாம். தலைப்பைத் தடுப்பது அது இல்லை. அந்த 125 இடமும் தலித், நாடோடிப் பழங்குடி, நிலமற்ற கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கானவை. அப்பா பணம் கட்டுகிற பிள்ளை எதை வேண்டுமானாலும் ஆராயலாம், இவர்கள் மட்டும் தங்கள் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஈரோடு: வேறு நாட்டையும் சேர்த்து ஒப்பீட்டு ஆய்வு என்று போட்டால்?

அந்த உதவித்தொகையைத் தரும் மத்தியச் சமூகநீதித் துறைக்கு எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேர்வான பிறகு தலைப்பால் பிரச்சினை வந்தால் ஒரு வருடம் போய்விடும்.

பெயர் சொல்லாதவர்: நல்ல தலைப்பு ஒன்று கொடுங்கள்.

மாட்டேன். ஐந்து ஆண்டு அதோடு வாழப் போவது நீங்கள்.

நாகர்கோவில்: மேடம், ஜே.ஆர்.எஃப். வயது...

முதல் பதில்.

திருச்சி, சட்டம்: ஜே.ஆர்.எஃப். அவார்டு லெட்டர் வந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. நல்ல கைடுக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி, லெட்டருக்கு ஆயுள் மூன்று ஆண்டு. உங்களுக்கு மீதி எட்டு மாதம். அறிவிப்பு, நேர்காணல், பதிவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும், பல பல்கலைக்கழகங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் அழைக்கின்றன. இந்த வாரமே நான்கு பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியை மட்டும் வையுங்கள். இடம் கிடைத்த அன்றே சேர்ந்துவிடுங்கள், சேர்ந்த நாளிலிருந்துதான் பணம் கணக்காகும். அந்த ஆறு மாதப் பணத்தையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.