மருத்துவர் பதில்கள்: துடிப்பு கூடினால் சமநிலை கெட்டதா?

குமரி மாவட்டத்திலிருந்து உடல் சமநிலை தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இந்த முறை இடம். பதில் எழுதுபவர்கள் உடலியங்கியல் பாடம் நடத்தும் மருத்துவர்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் விலங்கியல் நடத்துகிறேன். ஹோமியோஸ்டாசிஸ் (உடலின் உட்சமநிலை) என்றால் 'உடல் எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருப்பது' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஏசியை உதாரணம் காட்டினால் தலையாட்டுகிறார்கள். 'ஓடும்போது இதயத்துடிப்பு கூடுகிறதே, அப்போது சமநிலை கெட்டுவிட்டதா?' என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே குழம்பிவிட்டது. - ஆசிரியை, தக்கலை

பதில்: அந்தப் பையனுக்கு ஒரு சபாஷ் போடுங்கள். பாடத்தை அவன் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'உடல் காப்பவை': ரத்தச் சர்க்கரை, சோடியம் (லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல்), தமனி ரத்தத்தின் பிஎச் எனும் அமில-கார அளவு (7.35 முதல் 7.45), உட்புற வெப்பநிலை (37 டிகிரியை ஒட்டி). வலப்பக்கம் 'அவற்றைக் காக்க மாறுபவை': இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வை, சிறுநீரின் அளவு, ரத்தக் குழாயின் அகலம், இன்சுலின். துடிப்பு வலப்பக்கத்து ஆள். ஓடும்போது அது கூடுவதால்தான் இடப்பக்கம் நிலையாக நிற்கிறது. மிதமான ஓட்டத்தில் தமனி ரத்தத்தின் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய அசைவதே இல்லை. 1926-ல் ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரைச் சூட்டிய உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனனும் உறைந்துபோன நிலை எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

ஏசி உதாரணத்தில் ஒரு குறை உண்டு. கம்ப்ரசர் ஓடும், இல்லையென்றால் நிற்கும். உடம்பில் அப்படி எதுவும் முழுதாக நிற்பதில்லை. இதயத்தைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். ஓய்வில் அதை 70 பக்கம் இழுத்து வைத்திருப்பது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. எழுந்து நடக்கத் தொடங்கியதும் துடிப்பு கூடுவது, முதலில் இந்தப் பிடி தளர்வதால்தான். இதய மாற்று செய்துகொண்டவருக்கு இந்த நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும்; அவருக்கு ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கும். இந்த ஒரு தகவலை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஏசி தேவைப்படாது.

செய்முறைக்கு 20 செ.மீ. உயரப் படி ஒன்று போதும். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். பிறகு மூன்று நிமிடம் படியில் ஏறி இறங்க வேண்டும். நின்ற உடனேயே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கி, அடுத்து ஒவ்வொரு நிமிடமும் அப்படியே ஐந்து நிமிடம் வரை குறித்து வரைபடம் போடட்டும். பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கட்டைவிரலால் தொட்டால் தன் துடிப்பையே எண்ணிவிடுவார்கள். பத்து விநாடி மட்டும் எண்ணினால் ஒரு துடிப்பு தவறினாலும் கணக்கில் ஆறு தவறும். நின்ற பிறகு நாடியைத் தேடிக்கொண்டிருந்தால் உச்சம் கைநழுவிவிடும், ஏனென்றால் முதல் நிமிடத்தில்தான் துடிப்பு வேகமாக இறங்குகிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு எண்ணும் வேலையைக் கொடுங்கள்.

ரத்த அழுத்தத்தை இந்தச் செய்முறையோடு சேர்க்க வேண்டாம். உழைப்பின்போது மேல் அழுத்தம் ஏறத்தான் செய்யும். மூளை அழுத்தத்துக்கான இலக்கையே சற்று உயர்த்திக்கொள்கிறது. அழுத்தத்துக்குப் படுத்து எழுவதுதான் சரியான உதாரணம். குளச்சல் வாசகருக்கான பதிலில் அதைப் பார்க்கலாம்.

சர்க்கரைக்கு நம்மூர்க் கணக்கே இருக்கிறது. ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமே ஐந்து கிராம் அளவுதான். ஒரு தட்டு அவித்த மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) மாவுச்சத்து 60 கிராமுக்குக் குறையாது. ஆனாலும் நலமான ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 140-க்குக் கீழே வந்துவிடுகிறது. மீதி எங்கே போனது என்று கேளுங்கள். கல்லீரல், தசை, இன்சுலின் மூன்றும் அந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிடும்.

கேள்வி: செங்கல் சூளையில் வேலை. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் தண்ணி குடிக்கிறேன். அப்படியும் சாயங்காலம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, தலை வலிக்கிறது. இன்னும் கூட்டணுமா டாக்டர்? - ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: தண்ணீரைக் கூட்ட வேண்டாம். உங்களுக்குப் போதாமல் இருப்பது உப்பாக இருக்கலாம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய ஒன்றிலிருந்து நான்கு கிராம் வரை உப்பு போகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். போன உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், கால் இழுப்பு, மிஞ்சினால் மயக்கம், வலிப்பு வரை போகும்.

ஒரு தராசு கிடைத்தால் வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பற்றாக்குறை. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். கணவாய்க் காற்று வீசும் நாட்களில் சட்டை நனையாது. வியர்க்கவில்லை என்று அதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்; வந்த வியர்வை உடனே உலர்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

காலையில் உப்புப் போட்ட பழங்கஞ்சி நல்ல தொடக்கம். வேலை நடுவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும். கால் இழுக்கும் நாளில் ஓஆர்எஸ் குடியுங்கள். பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கும். அது ஒரு லிட்டருக்கானது. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கானது. இரண்டையும் மாற்றிக் கலக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் வருகிறது, சர்க்கரை அதற்காகத்தான். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் தண்ணீர் குடலுக்குள் திரும்பி வயிறு இளகும். அக்கானியிலும் (பதநீரிலும்) சர்க்கரை அதிகம், அது இதற்கு மாற்று ஆகாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

புதிதாகச் சூளைக்கு வருபவரை முதல் நாளே முழு வேலையில் இறக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தொடங்கி நாள்தோறும் கூட்டுங்கள். வியர்வையில் உப்பை மிச்சம்பிடிக்க உடல் பழகுவதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். யாராவது பேச்சுத் தடுமாறி, உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் மாத்திரை அதற்குப் பயன்படாது. காய்ச்சலில் மூளை தன் இலக்கை உயர்த்தியிருக்கும், மாத்திரை அதை இறக்கும். வெப்பத் தாக்கில் இலக்கு மாறவில்லை, வெப்பத்தை வெளியேற்றும் திறன் தோற்றுவிட்டது.

கேள்வி: ரத்தம் அமிலமாகாமல் இருக்க ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? - மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். குடித்த தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இரைப்பையிலேயே கடும் அமிலம் இருக்கிறது. ரத்தத்தின் பிஎச்-சைப் பார்த்துக்கொள்பவை நுரையீரலும் சிறுநீரகமும். அவை பழுதானால் மெஷின் காப்பாற்றாது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. உட்கார வைத்துப் பார்த்தால் பிரஷர் சரியாக இருக்கிறது. - குளச்சல் வாசகர்

பதில்: உட்கார வைத்துப் பார்த்தால் இது சிக்காது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள உணர்விகள் அதை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்க, சில விநாடிகளில் துடிப்பு கூடி, குழாய்கள் சுருங்கி, அழுத்தம் மீள வேண்டும். வயதாகும்போது இந்தப் பதில் மந்தமாகிறது. தாகமும் குறைவதால் முதியவர்கள் போதுமான அளவு தண்ணீர் குடிப்பதில்லை.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பாருங்கள். நிற்கவைத்து ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அந்தத் தாளோடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் மருத்துவரிடம் போங்கள். நீர் பிரியும் மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் இதைச் செய்யக்கூடும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவரை, எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் (நீர் கட்டுப்பாடு சொல்லப்படாதவர் என்றால்), கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டுவது, பிறகு நிற்பது.

கேள்வி: ரப்பர் பால்வெட்டுக்காக இரண்டரை மணிக்கு எழும்புவேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை உறங்கித் தீர்த்துக்கொள்வேன். திங்கள், செவ்வாய் தலைபாரம், எரிச்சல், வயிற்று உப்புசம். - குலசேகரம் வாசகர்

பதில்: உறக்கக் கடனைத் தீர்க்கப்போய் உடல் கடிகாரத்தைக் கலைத்துவிடுகிறீர்கள். விழிப்பதற்கு முன்பே உடல் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை ஏற்றி, வெப்பநிலையையும் கூட்டத் தொடங்கிவிடுகிறது. நடந்தபின் திருத்துவதோடு நில்லாமல் வரப்போவதற்கு முன்கூட்டியே தயாராகும் இந்த வேலைக்கு 1988-ல் ஸ்டெர்லிங், ஐயர் என்ற இருவர் அலோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஞாயிறு நான்கரை மணி நேரம் தாமதமாக எழும்போது கோடைகால லண்டன் நேரத்துக்கு மாறுகிறீர்கள். கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் நகரும், ஆகவே திங்களன்று பால் வெட்டுவது கை மட்டும்தான்.

இரவு எட்டு மணிக்குள் படுங்கள். ஞாயிறும் மூன்றரையைத் தாண்டி உறங்க வேண்டாம். குறைந்த உறக்கத்தைப் பகல் ஒரு மணிக்குள் ஒரு தூக்கமாகப் போட்டு ஈடுகட்டுங்கள், ஒன்றரை மணி நேரம் வரை போகலாம். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும் என்பதால் கடைசிக் காபி பதினொன்றுக்கு முன். கருப்பட்டிக் காப்பிக்கும் இதே விதி. கோவில் கொடை, பள்ளித் திருநாள் என்று ஓர் இரவு விழித்தால் பெரிய கேடில்லை, மறுநாள் எழும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உறக்கம் சரியான பிறகும் உப்புசம் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் வயிற்றைத் தனியாகக் காட்டிக்கொள்ளுங்கள்.